‘சொன்னார்’ இல்லாத ஒரு வாக்கியம்

இல்லை, அவரை யாரும் நீக்கவில்லை. நீக்குவதற்கு உத்தரவு வேண்டும். உத்தரவுக்குக் காரணம் வேண்டும். காரணத்துக்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு மாதம் பணிப்பட்டியலில் மைமூன் அக்காவின் பெயர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நாங்கள் வானொலியில் பகுதிநேரக்காரர்கள். எங்களை நீக்க வேண்டியதில்லை, அழைக்காமல் இருந்தால் போதும்.

அவரை நீக்கிவிட்டார்களா என்று, அவர் இறந்த அன்றே பலர் என்னிடம் கேட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் காலைச் செய்தியை அவர் குரலில் கேட்டுப் பழகியவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் இறந்த செய்தியைப் போனில் சொன்னவர் ஜமால் அண்ணன், அக்காவின் தம்பி. உத்தமபாளையத்தில் எதிர்க்கட்சிக் கவுன்சிலர். நான் சின்னமனூரில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன்.

“தங்கச்சி, அக்கா மௌத்தாயிட்டாக.”

காலையில் டீ போட எழுந்தவர் அடுப்படியிலேயே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துவிட்டாராம். பிறகு எழவில்லை. அக்காவைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதெல்லாம் ‘அது சொல்லுச்சு’, ‘அதுக்கு என்ன தெரியும்’ என்றுதான். அன்று ‘மௌத்தாயிட்டாக’. எதிரே உத்தமபாளையம் பேருந்து வந்து நின்றது. ஏற வேண்டிய பேருந்துதான். ஏறவில்லை. அடுத்ததில் போனேன்.

எங்கள் நிலையம் சிறியது. அரசு நிதியில் நடக்கும் வானொலி. பெரிய செய்திகள் வேறெங்கிருந்தோ வரும், அவற்றை வாங்கி அப்படியே அஞ்சல் செய்வோம். காலையில் ஐந்து நிமிடம் மட்டும் எங்களுடையது. அணையின் நீர்மட்டம், ஏலக்காய் விலை, மலைப்பாதையில் மண்சரிவு, அமைச்சர் வருகை. எழுதுவதும் வாசிப்பதும் மைமூன் அக்கா. நான் அறிவிப்பாளர். அவருக்கு முன்னால் நேரம் சொல்வேன். அவருக்குப் பின்னால் பாட்டுப் போடுவேன்.

அவருடைய செய்தியில் எல்லோரும் ‘சொன்னார்கள்’.

அமைச்சர் சொன்னார். ஆட்சியர் சொன்னார். காற்றில் வாழை சாய்ந்துபோன விவசாயி சொன்னார். துறைகளிலிருந்து வரும் செய்திக் குறிப்புகளில் அமைச்சர்கள் சுட்டிக்காட்டுவார்கள், பெருமிதம் கொள்வார்கள். எதிர்க்கட்சியினர் குற்றம்சாட்டுவார்கள். மக்கள் கோரிக்கை மட்டும் விடுப்பார்கள். அக்கா எல்லாவற்றையும் அடித்துவிட்டு மேலே ‘சொன்னார்’ என்று எழுதுவார். நான் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவள். இது எனக்குப் பிடித்திருந்தது. சலிப்பாகவும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் இத்தனை ‘சொன்னார்’ வந்தால் கேட்கிறவர் காது மரத்துவிடும் என்றேன்.

“மரத்தா மரத்துட்டுப் போகுது. ‘சுட்டிக்காட்டினார்’னா அவுக காட்டுனது அங்கன இருக்குன்னு நாம சாட்சி சொல்ற மாதிரி. நீ போயிப் பாத்தியா?”

“அப்ப ‘குற்றம்சாட்டினார்’?”

“அது, இவன் பேச்ச நம்பாதீகன்னு நாம கண்ணடிக்கிறது.”

செயப்பாட்டு வினை அவருக்கு ஆகவே ஆகாது. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறிப்பில் இருந்தால் தாளை என் பக்கம் திருப்புவார். “பட்டுச்சு, பட்டுச்சுன்னா யாரு கை பட்டுச்சு?”

நிலையத்துக்கு எதிரே டீக்கடை. அங்கே எந்நேரமும் ஏதாவது ஒரு தனியார் சேனல் ஓடும். எங்களுக்குள் ஒரு பந்தயம். ‘சாடினார்’ என்று வந்தால் அக்கா எனக்கு ஒரு வடை வாங்கித் தர வேண்டும். ‘கடுமையாகச் சாடினார்’ என்றால் வடையோடு டீ. தேர்தல் நேரத்தில் ஒருநாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “வேற சேனல் மாத்தச் சொல்லு புள்ள. இவுக சாடியே என்னைய ஓட்டாண்டியாக்கிருவாக.”

ஜமால் அண்ணன் கதையை அக்கா அந்தக் கடையில்தான் சொன்னார். குடிநீர் வராததைக் கண்டித்து உத்தமபாளையத்தில் சாலை மறியல். முன்னால் உட்கார்ந்தவர் ஜமால் அண்ணன். பேசியவரும் அவர்தான். மறுநாள் காலைச் செய்தியில் அக்கா வாசித்தார்: ‘ஆறு நாட்களாகத் தண்ணீர் வரவில்லை என்று மறியலில் இருந்தவர்களில் ஒருவர் சொன்னார்.’ பேரூராட்சி அலுவலரும் அதே மூச்சில் ‘சொன்னார்’. ஆனால் அவர் பதவியோடு சொன்னார்.

வீட்டில் தம்பி தட்டைத் தள்ளிவிட்டாராம். “ஒருவரா? நான் ஒருவரா? என் பேரு உன் வாயில வராதா?”

“உன் பேரு ஒனக்குத் தெரியும். அங்கன இருந்தவுகளுக்கும் தெரியும். பெறகு நான் எதுக்குடா?”

இதை அக்கா சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலர் பதவியோடு வருகிறார், மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் பெயரில்லாமல் வருகிறார். தம்பி என்பதால் அவருக்கு ஒரு தட்டு குறைவு. இது நியாயமா அக்கா என்று கேட்டேன். வடையைப் பிட்டார். “இல்லதான்” என்றார். அடுத்த முறையும் ‘ஒருவர்’ என்றே வாசித்தார்.

நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மீதி புரியாது.

பொது வானொலி மக்கள் பணத்தில் நடக்கிறது என்று நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். எங்கள் நிலையத்தில் அந்தப் பணம் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடும். ஒலிபரப்புக் கருவி பழுதானால் உதிரிப் பாகம் வரும்வரை பாதி ஊருக்குக் கேட்காது. மீதியை நிலையமே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்று மேலே எதிர்பார்ப்பு. யாரிடம் சம்பாதிப்பது? இந்தப் பள்ளத்தாக்கில் வானொலிக்கு விளம்பரம் கொடுக்கும் பெரிய கை அரசுத் துறைகள்தான். மாலையில் வரும் விவசாய நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் துறை.

ஒரு சமயம் போடிப் பக்கத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் காலைச் செய்திக்கு விளம்பரதாரராக வர விரும்பினார். நான் குதித்தேன். அரசுப் பணத்திலிருந்து கொஞ்சமாவது விடுதலை என்று நினைத்தேன். அக்கா வேண்டாம் என்றார்.

“வெல கொறஞ்சிருச்சுன்னு பெறகு யாரு வாசிப்பா? அரசாங்கத்துப் பணம்னா என்னைக்காவது ஒருத்தன் வந்து, இது எங்க பணம், ஏன் இப்பிடி வாசிச்சன்னு கேக்கலாம். யாவாரி பணத்துக்கு யாரு கேப்பா?”

“அரசாங்கப் பணத்துக்கு இதுவரைக்கும் யார் வந்து கேட்டிருக்கா?”

“வரல” என்றார். “கேக்கலாம்னுதான் சொன்னேன்.”

ஆட்சி மாறிய நாட்களைப் பற்றியும் அவர் ஒன்று சொல்வார். நிலையப் பொறுப்பாளர் அறையில் தலைவர் படம் மாறும், அந்த ஆணி மாறாது, நம் பயமும் மாறாது என்று. அவர் இரண்டு தரப்பு ஆட்சியையும் வாசித்தவர்.

அக்காவின் பெயர் பட்டியலில் வராமல் போவதற்கு முந்தைய அந்தக் காலைக்கு வருகிறேன்.

முந்தின நாள் மாலை அக்கா ஆண்டிபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். வழியில் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் பேருந்து பஞ்சர். எல்லோரும் இறங்கி நின்றார்கள். அவர் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கால்வாய்க்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதுதான் கடைமடை, கால்வாயின் கடைசி முனை. மறுநாள் விடிந்ததும் நிலையத்துக்கு வந்தார். மேசையில் கால்வாய்த் துறையின் குறிப்பு கிடந்தது. கடைமடை வரை தண்ணீர் சென்றடைந்து விவசாயிகள் மகிழ்ச்சி.

மகிழ்ச்சியை அடித்தார். ‘சென்றடைந்தது’ என்பதை ‘சென்றடைந்துவிட்டதாகப் பொறியாளர் சொன்னார்’ என்று மாற்றினார். அவர் வழக்கமாகச் செய்வது அவ்வளவுதான். அன்று அதோடு பேனாவை மூடவில்லை. நான் நேரம் சொல்லிவிட்டு அவருக்கு ஒலிபரப்பு விளக்கைப் போட்டேன்.

வாசித்தார். பொறியாளர் சொன்னார். பிறகு, அதே குரலில், அதே வேகத்தில்: ‘நேற்று மாலை அங்கே கால்வாயில் தண்ணீர் இல்லை.’ அடுத்து ஏலக்காய் விலை.

ஒரு வாக்கியம். அதில் ‘சொன்னார்’ இல்லை.

பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதே தொலைபேசி. எடுத்தது நான். பின்னால் கோழிச் சத்தம்.

“ஆத்தா, ரேடியோவா? தண்ணி இல்லன்னு இப்பச் சொன்னாகளே, அந்த அம்மா இருக்காகளா? ரெண்டு வாரமா நாங்க கத்துறோம். எங்க வீட்டுக்காரரே, தண்ணி வந்துருச்சுன்னு ஆபீசரு சொல்லிட்டாக, போயி நல்லாப் பாருன்னு என்னைய வெரட்டுறாரு. ரேடியோல சொன்ன பெறகுதான் அவருக்கும் தண்ணி இல்லாமப் போச்சு.”

அக்காவிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, “சரித்தா, சரித்தா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். முகத்தில் வெற்றி ஏதுமில்லை. கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

பத்து மணிக்குப் பொறுப்பாளர் வந்தார். நல்ல மனிதர். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அறைக் கதவு திறந்தே இருந்தது.

“யாரும்மா சொன்னது, தண்ணி இல்லன்னு?”

“யாரும் சொல்லல சார். நான் பாத்தேன்.”

“நீங்க பாத்தது செய்தி ஆகாதேம்மா. யாராச்சும் சொல்லணும்ல.”

அக்காவால் அதை மறுக்க முடியாது. இத்தனை வருடம் அவர் வாசித்ததே அந்த விதிப்படிதான். நாம் சாட்சி சொல்லக் கூடாது. தாளில் இருப்பவர் சொன்னார், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த விதி அவரை அத்தனை ஆட்சிகளிலிருந்தும் காப்பாற்றியது. அன்று காலை அவரே அதைத் தாண்டினார். பொறுப்பாளர் விதியைச் சொன்னபோது அது அக்காவின் வாயிலிருந்து வருவது போலவே இருந்தது.

யாரும் மிரட்டவில்லை. துறையிலிருந்து கடிதம் இல்லை. கட்சிக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை. ஜமால் அண்ணன் இதை நம்பமாட்டார். நான் அங்கேதான் இருந்தேன், மேலிருந்து ஓர் அழைப்பு வந்ததாக எனக்குத் தெரியாது. அழைப்பு வந்துவிடுமோ என்று நிலையத்தில் நினைத்தார்கள். விவசாய நிகழ்ச்சிக்கான பணம் நின்றுவிடுமோ என்று நினைத்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அக்காவைக் கொடுத்துவிட்டார்கள். இதுதான் என்னை உறுத்துகிறது. தணிக்கை என்றால் எங்கோ ஒரு கை இருக்கும் என்று படித்திருந்தேன். கை இல்லாமலேயே நடந்தது.

சில நாட்களில் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. அந்த வாக்கியத்தால் வந்ததா, வரவேண்டிய நாளில் வந்ததா, எனக்குத் தெரியாது.

பிறகு பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. காலைச் செய்தி இப்போது துறைக் குறிப்புகள்தாம். வருகிறபடியே வாசிக்கப்படுகின்றன.

நான் உத்தமபாளையம் போய் அக்காவைப் பார்த்தேன். மேலிடத்துக்கு எழுதுவோம் என்றேன். ஜமால் அண்ணன் அதற்குள் பத்திரிகையாளர்களைக் கூப்பிடத் தயாராக இருந்தார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தம்பியிடம், “நான் உன் கட்சிக்கு நோட்டீஸ் இல்லடா” என்றார். தம்பி எழுந்து வெளியே போனதும் என் பக்கம் திரும்பினார்.

“இந்த ரேடியோவ மூடுறதுக்குக் காரணம் தேடிக்கிட்டு இருக்காக புள்ள. கேக்க ஆளில்ல, காசு வீண்னு. இப்ப நான் போயி, இவுக பொய் வாசிக்கிறாகன்னும் எடுத்துக் குடுக்கணுமா? மூடிட்டா பெறகு அந்தக் கோழிக்காரம்மா யாருக்குப் போன் போடும்?”

“இப்ப மட்டும் யாருக்குப் போடுது?”

அவர் வெங்காயத்தைப் பார்த்தார். கண்ணில் நீர். வெங்காயத்தாலா என்று நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் உள்ளே. ஆண்கள் தெருவில், பந்தலுக்குக் கீழே. ஜன்னல் வழியாகப் பொறுப்பாளர் தெரிந்தார். யாரோடும் பேசாமல் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தார். உண்மையான அழுகை. அக்காவின் மய்யித்தைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு வீடு சட்டென்று காலியானது. ஓர் அம்மாள் என்னிடம், ரேடியோவில் சொல்வார்களா என்று கேட்டார்.

மாலையில் பொறுப்பாளர் போனில் கூப்பிட்டார். இரண்டு நிமிட அஞ்சலி, நானே எழுதி நானே வாசிக்க வேண்டும். “கால்வாய் விசயம் வேணாம்மா. உடம்பு முடியாம ஓய்வுல இருந்தாகன்னு போட்ருவோம். எல்லாருக்கும் கௌரவமா இருக்கும்.” அடுத்த மாதப் பட்டியலைப் பற்றி அவர் பேசவில்லை. இரண்டு பேருமே அதை நினைத்தோம்.

அதே வேளையில் ஜமால் அண்ணன் ஃபிளெக்ஸ் படத்தை அனுப்பினார். அக்காவின் படம், கட்சிக் கொடி நிறம், நடுவில் ‘பழிவாங்கப்பட்ட குரல்’. நினைவேந்தல் கூட்டத்தில் நான் பேச வேண்டும். “நீ உள்ள இருந்தவ தங்கச்சி. நீ சொன்னா மறுக்க முடியாது.”

ஒரு பக்கம் ‘ஓய்வில் இருந்தார்’. ஒரு பக்கம் ‘பழிவாங்கப்பட்டார்’. முன்னது பொய். பின்னது முழுப் பொய்யில்லை, ஆனால் யார் கை என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. ஜமால் அண்ணனின் கட்சி ஆண்டபோதும் எங்கள் மேசைக்கு வந்தவை இதே குறிப்புகள்தாம். அவற்றையும் அக்காதான் அடித்துத் திருத்தினார். பேசாமல் இருப்பதும் ஒரு வழி. அக்கா அதைத்தான் தேர்ந்தெடுத்தார். பேசினால், நிலையத்தை மூட நினைப்பவர்களுக்கு நான் எடுத்துக் கொடுத்தவள் ஆவேன். அவர் செய்ய மறுத்ததை அவர் பெயரால் செய்கிறேனா? இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி தீரவில்லை. தீராமலேயே எழுதுகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது? அவருடைய ‘சொன்னார்’ அல்ல. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது பொய்யையும் மெய்யையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விடும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். நான் வைத்துக்கொள்வது, பேருந்திலிருந்து இறங்கிப் பாலத்துச் சுவரைப் பிடித்து அவர் எட்டிப் பார்த்ததை. பார்த்ததைக் கூட்டாமல், கோபப்படாமல், ஒரு வாக்கியத்தில் வைத்ததை. வைத்துவிட்டுப் பயந்ததையும்.

செவ்வாய்க்கிழமை காலை அஞ்சலியை எழுதி எடுத்துக்கொண்டு பொறுப்பாளர் அறைக்குப் போனேன். அக்கா எழுதியது, வாசித்தது, குரல், குடும்பம். நடுவில் ஒரு வரி: ‘கால்வாயில் தண்ணீர் இல்லை என்று தாம் பார்த்ததை வாசித்த பிறகு, இந்த நிலையம் அவரைப் பணிக்கு அழைக்கவில்லை.’ எழுவாய் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்திருந்தேன்.

பொறுப்பாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் படித்தார். அடிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. தாளை மேசையின் என் பக்கத்து ஓரத்துக்குத் தள்ளினார்.

“நான் இதப் பாக்கலம்மா.”

ஒலிபரப்பு அறைக்குப் போய் வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. பிறகு நேரம் சொன்னேன், பாட்டுப் போட்டேன், பணிநேரம் முடிந்ததும் பேருந்து ஏறி உத்தமபாளையம் போனேன். ஜமால் அண்ணன் வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். வானொலியைக் கேட்டிருந்தார். கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து டீ வந்தது. நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பினேன்.